என் மீன்களுக்கு மஞ்சள் காமாலை வந்த கதை

புதிதாகத் தொட்டி கட்டி மீன் விட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சங்கத்துச் செயலாளர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, புதுசா சேந்தவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க, அச்சடிச்சுக் குடுக்கப் போறோம்" என்றார். நல்ல வார்த்தை என்னிடம் நாலு இல்லை. கெட்ட அனுபவம் நாற்பது இருக்கிறது. அதில் இரண்டு மூன்றைத் தருகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனவன். எழுத்தில் பிழை இருந்தால் செயலாளர் திருத்துவார். மீனைப் பற்றிச் சொல்வதில் பிழை இருந்தால், திருத்துவதற்குக் கேகாலையிலும் ஆள் இல்லை, இரத்தினபுரியிலும் ஆள் இல்லை.

கித்துல்கலைக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டினேன். பாலைப் பதப்படுத்துகிற ஸ்டோரை மூடினார்கள். பாலை உறைய வைத்த சிமெந்துத் தொட்டிகள் வரிசையாகச் சும்மா கிடந்தன. மற்றவர்கள் அதற்குள் ஆடு கட்டினார்கள். நான் மீன் விட்டேன். முதலில் விட்டதெல்லாம் செத்தது. சிமெந்துக்குள் இத்தனை வருஷம் ஊறிய அமிலம் என்று அப்போது தெரியாது. இரண்டாம் தடவையும் செத்தது. மூன்றாம் தடவை பிழைத்தது. பிழைத்த பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னவர்கள் எண்பது பேர். செத்தபோது அவர்களில் ஒருவரையும் காணோம். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தார்கள் போலும்.

இப்போது நீங்கள் எல்லோரும் போனைப் பார்த்து மீன் வளர்க்கிறீர்கள். வளருங்கள். போன மாதம் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தான். டிப்ளோமா முடித்தவன். "மாமா, என் தங்கமீன் செவக்கவே மாட்டேங்குது. மூணு கெழமையா இயற்கை நிறந்தான் குடுக்குறேன்" என்றான். என்ன நிறம் என்று கேட்டேன். பீட்ரூட். போய்ப் பார்த்தேன். கோயிலில் கிடா வெட்டிய இடம் போலத் தண்ணீர் சிவந்து கிடந்தது. அதன் நடுவில் மீன் பால்சோறு போல வெளுத்து நின்றது. "தண்ணி நல்லா வளந்திருக்கு தம்பி, அதையே வித்துடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபித்துக்கொண்டான். கோபம் மூன்று நாளில் போய்விடும். பீட்ரூட் கொடுக்கிற பழக்கமும் அதோடு போனால் எனக்குச் சந்தோஷம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எந்த விஞ்ஞானியும் இல்லை. தொரை பங்களாவில் சமைத்த கோக்கி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய வாரிசுகள் வந்து என் தீனியில் பங்கு கேட்பார்கள். நான் ஆறு மாதம் அந்தக் குசினியில் பாத்திரம் கழுவினேன். ஒரு நாள் பீட்ரூட் கறியையும் மிளகாய்க் குழம்பையும் ஒரே வெள்ளை மேசை விரிப்பில் கொட்டிவிட்டேன். பீட்ரூட் கறை ஒரு அலசலில் போய்விட்டது. குழம்புக் கறை போகவில்லை. கோக்கி என் தலையில் ஒன்று வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியில கரையுற நெறம் தண்ணியோட போயிரும்டா. எண்ணெயில ஏறுற நெறந்தான் ஒட்டும். இத எப்ப படிச்சுக்கப் போற?" அவர் சொன்னது துணியைப் பற்றி. பத்து வருஷம் கழித்து, நான் அதை மீனில் படித்தேன். செத்தல் மிளகாய்த் தோல், துலுக்கச் செவ்வந்தி இதழ், சப்பிரா விதை, இவையெல்லாம் எண்ணெயில் நிறம் விடும். அதனால் மீனில் ஏறும். எதை அரைத்துப் போடுவதற்கு முன்னும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் சிவக்காவிட்டால் மீனும் சிவக்காது. டிப்ளோமாவில் இது இல்லையாம்.

இன்னொன்று. கோயில் திருவிழா முடிந்ததும் சாமிக்குப் போட்ட செவ்வந்தி மாலைகளை மூட்டை மூட்டையாக அள்ளி வந்தேன். இனாம் பூ, அதுவும் பிரசாதம். காய வைத்துத் தூளாக்கிப் போட்டேன். ஒரு தொட்டி முழுக்க மல்லாந்தது. சாமி பூவை மீனுக்குப் போட்ட குற்றம் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். சாமிக்கு வேறு வேலை இருக்கிறது. அது கடையில் வாங்கிய பூ. வாடாமல் இருக்கட்டும் என்று பூச்சி மருந்தில் குளிப்பாட்டிய பூ. அன்றிலிருந்து லயத்துத் தண்ணீர்க் கானோரம் நானே நட்ட பூவைத் தவிர வேறு பூவை நான் தொடுவதில்லை. அடுத்தவர் தோட்டத்துப் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எதைக் குடித்து வளர்ந்தது என்று கேளுங்கள்.

இவையெல்லாம் சின்னத் தப்புகள். இனி பெரியது.

டொலர் இல்லை என்று சொல்லி, வெளிநாட்டு மீன் தீனி வராமல் நின்ற காலம். பெரிய பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய மீன் மாதத்துக்கு மாதம் வெளுத்தது. என் மீன் சிவந்தது. என் தீனிக்கு எந்தக் கப்பலும் வர வேண்டியதில்லை. தவிடு, அரிசி மா, நெத்தலித் தூள், அதோடு என் நிறக் கலவை. இடியப்ப உரலில் பிழிந்து காய வைத்து நொறுக்கினால் தீனி. அந்த வருஷம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. கொஞ்சம் என்ன, சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு நிமிர்ந்தது.

அப்போதுதான் ஹாஜியார் வந்தார். எட்டியாந்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். துணி வாங்க ஆள் குறைந்ததும், வீடு வீடாக மீன் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார். துணியைப் பார்த்த அதே கண்ணால்தான் மீனையும் பார்ப்பார்: வெளியில் கொண்டு வந்து, வெயிலில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பி. அவர் கேட்டது சிவப்பு வெள்ளைக் கோய் மீன்.

"செவப்பு செவப்பா ஈக்கணும், வெள்ளை வெள்ளையா ஈக்கணும். அவ்வளவுதான் அண்ணன். பெரிய வேலை இல்லை" என்றார்.

"எனக்கா பெரிய வேல? கண்ண மூடிக்கிட்டு செஞ்சு தர்றேன்" என்றேன். நான் சொன்னபடியேதான் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன்.

என் ஸ்டோர்த் தொட்டிகள் போதவில்லை. அதனால் லயத்தில் ஆறு வீட்டுப் பெண்களைச் சேர்த்தேன். குஞ்சும் தீனியும் என்னுடையவை, தொட்டியும் உழைப்பும் அவர்களுடையவை. எல்லோரும் பால் வெட்டுகிறவர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் செக்ரோலில் பெயர் விழாது, சம்பளமும் இல்லை. கித்துல்கலையில் எத்தனை நாள் மழை என்று உங்களுக்குத் தெரியும். அந்த மழையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆற்றில் படகு விட வருகிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம். நான் அந்தப் பெண்களிடம் சொன்னேன்: "இனிமே மழையப் பாக்க வேணாம். இந்த மீன் போகட்டும். அப்புறம் வெட்டுக் கத்தி எதுக்கு?" மூன்று பேர் அந்தப் பேச்சை நம்பித் தங்கள் வெட்டுக் கத்தியை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கத்தியைக் கொடுத்துவிட்டால் உங்கள் மரவரிசை அடுத்த நாளே வேறொருத்திக்குப் போய்விடும். கேட்டாலும் திரும்பக் கிடைக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை. என் வாக்குக்கு அவ்வளவு மதிப்பா என்று உள்ளுக்குள் இனித்தது.

கத்தியைக் கொடுக்காத மூன்று பேரில் ஒருத்தி பாக்கியம். ஐம்பது வயது, வாய் அதைவிட மூத்தது. அவளிடம் சிமெந்துத் தொட்டி இல்லை. தொரை பங்களா டூரிஸ்ட் ஹோட்டலாக மாறியபோது தூக்கிப் போட்ட குளிக்கும் டப்புகள் இரண்டைக் கணவனும் மகனுமாகச் சுமந்து வந்து கொல்லையில் வைத்திருந்தாள். வெள்ளை டப்பு. வெள்ளைக்காரத் தொரை குளித்ததில் பாக்கியத்தின் மீன் நீந்தியது. அதற்காக நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை.

மற்ற ஐந்து வீட்டிலும் தார் பூசிய சிமெந்துத் தொட்டி. அடி கறுப்பாக இருந்தால் மீனின் சிவப்பு எடுப்பாகத் தெரியும். நான்தான் பூசச் சொன்னேன். அது ஒரு நல்ல யோசனை. அதுவே பிறகு என் கண்ணைக் கட்டியது.

கலவையை நான் ஒன்றரை மடங்காக்கினேன். ஏன் என்று கேட்டால், ஒரு மடங்கு போட்டு இவ்வளவு சிவந்தால் ஒன்றரை மடங்குக்கு எவ்வளவு சிவக்கும் என்ற கணக்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மீன் துறை இன்ஸ்பெக்டர் ஒருவர் சிங்களத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, அளவு அதில் இருக்கிறது, யாரிடமாவது வாசித்துக் கேளுங்கள் என்று சொல்லிப் போனார். அந்தத் தாளில் நான் செத்தல் மிளகாய் காய வைத்தேன்.

ஒரு மாதம் போனது. சிவப்பு ஏறியது. சும்மா இல்லை, குங்குமத்தைக் குழைத்து அப்பியது போல ஏறியது. நான் தொட்டி தொட்டியாகப் போய் நின்று பார்த்தேன். வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கொழுந்து லொறி டிரைவரைக்கூட இறக்கிக் காட்டினேன். பாக்கியத்தின் டப்புக்குப் போனால் மட்டும் சிவப்பு ஒரு படி குறைவாக இருந்தது.

நான் மற்ற ஐந்து பெண்களையும் அங்கேயே கூப்பிட்டேன். அவர்களுக்கு முன்னால் கேட்டேன்:

"என்ன பாக்கியம், தீனி போடுறியா இல்ல பேருக்குத் தூவுறியா? ஒன் மீனு மட்டும் ஏன் சோகை புடிச்ச மாதிரி நிக்குது?"

"போடுறேன் அண்ணே. ஆனா செவப்பு ஏற ஏற வெள்ளையும் பழுத்துக்கிட்டு வருதே, அதப் பாத்தீங்களா?"

"வெள்ள எங்கடி பழுக்குது? ஒன் டப்பு பழசு, அதான் அப்பிடித் தெரியுது. அந்தத் தொரை சோப்புப் போட்டுக் குளிச்சிருக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. "டப்பு பழசுன்னா பழசாவே இருக்கட்டும். கண்ணு எனக்குப் பழசாகல" என்றாள். அடுத்த தடவையும் மீன் இப்படி இருந்தால் அவளைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது நல்லாயிருந்தது. யாரையாவது திட்டும்போது ஒரு மனிதனுக்கு எவ்வளவு நல்லாயிருக்கிறதோ, அவ்வளவுக்கு அவன் எதையோ பார்க்காமல் விடுகிறான். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லொறி வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஹாஜியார் பார்வைக்கு வந்தார். நான் தொட்டியைக் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்க்கவே இல்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருத்தியான சரோஜா வீட்டிலிருந்து சோறு வடிக்கிற வெள்ளை எனாமல் பேசினை வாங்கினார். சுத்தமான தண்ணீர் ஊற்றினார். சரோஜாவின் தொட்டியிலிருந்து ஐந்து மீனைப் பிடித்து விட்டு, முற்றத்து வெயிலில் வைத்துக் குனிந்தார்.

"அண்ணன், செவப்பு மாஷா அல்லாஹ். வெள்ளை எங்க ஈக்கி?"

நானும் குனிந்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். நாள்பட்ட வேட்டியின் மஞ்சள்.

"ஒங்கட மீனுக்கு மஞ்சக் காமாலையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் வேனில் ஏறும்போது சிரிப்பு இல்லை. "கொழும்புல எடுக்குறவர் கண்ணாடித் தொட்டியில போட்டுப் பாப்பாரு. வெள்ளை இல்லையெண்டா ஒண்டும் எடுக்க மாட்டாரு. பத்து நாள் ஈக்கி. என்னமாச்சும் செய்யுங்க."

ஐந்து வீட்டு மீனையும் அந்தப் பேசினில் விட்டுப் பார்த்தோம். ஐந்தும் ஒரே மஞ்சள். அரை மணி நேரத்தில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கத்தியைத் திருப்பிக் கொடுத்த மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி தங்கைகளே, நெருக்கடி என்றால் இதுதான். அந்த நேரத்தில் முதலில் வாயில் வருவதைச் சொல்லக் கூடாது. நான் சொன்னேன்.

"இது தீனியால இல்ல. மேல் டிவிஷன்ல ஒரம் போட்டிருக்காங்க. தண்ணியில எறங்கிருச்சு."

எவ்வளவு அழகான பொய் பாருங்கள். தோட்டத்து மேல் டிவிஷனில் உரம் போட்டது உண்மை. தண்ணீர் மேலிருந்து வருவதும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்தால் ஒரு பொய்யை நிறுத்தி வைக்கலாம். பெண்கள் தலையாட்டினார்கள். மேல் டிவிஷன் கங்காணியைத் திட்டத் தொடங்கினார்கள்.

பாக்கியம் தலையாட்டவில்லை. வீட்டுக்குப் போனாள். ஒரு வாளியில் தன் மீன் நாலைக் கொண்டு வந்து பேசினில் ஊற்றினாள். வெள்ளை, வெள்ளையாக இருந்தது. பால் போல.

"எனக்கும் அதே பைப்புத் தண்ணிதான் அண்ணே" என்றாள்.

ஒருத்தி கேட்டாள்: "நீ மட்டும் என்னடி செஞ்ச?"

"என் டப்பு வெள்ள. தெனம் தெரிஞ்சிச்சு. மஞ்ச ஏற ஏற தீனியக் கொறச்சேன். பாதிதான் மீனுக்கு. மீதியக் கோழிக்குப் போட்டேன்."

"கோழிக்கா!" என்றேன். என் தீனியைக் கோழிக்கு!

"ஆமா. முட்டக் கரு கெட்ட செவப்பு. ஹோட்டல்ல கேட்டு வாங்குறாங்க. வேணும்னா ரெண்டு கொண்டாறேன், பாருங்க."

லயத்தில் ஒருத்தி சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை. நான் பிடித்து வைத்திருந்த உரப் பொய் தொப்பென்று விழுந்தது. அதை எடுத்து மறுபடி நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. "நாளைலேருந்து வெறும் தவிட்டுத் தீனி. நெறம் நிறுத்தியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள்.

பத்து நாளில் ஏறிய மஞ்சள் இறங்குமா? ஏற ஒன்றரை மாதம் எடுத்தது. ஆனால் லயத்தில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. சரோஜா மூன்று காலை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தொட்டிக்குள் ஊற்றினாள். காமாலைக்குக் கீழாநெல்லிதானே மருந்து! ஹாஜியார் கேலியாகச் சொன்ன வார்த்தையை அவள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டாள். தொட்டி நாறியது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. நான் ஓடிப் போய்த் தண்ணீர் மாற்றினேன். "பிஸ்ஸுதா சரோஜா ஒனக்கு?" என்று கத்தினேன். பைத்தியமா என்பதைச் சிங்களத்தில் கேட்டால் கொஞ்சம் உறைக்கும். அவள் அழுதாள். "நீங்கதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே அண்ணே. நான் கத்தியக் குடுத்துட்டேன்" என்றாள்.

லொறி வருகிற காலை. மஞ்சள் கொஞ்சம் தணிந்திருந்தது, போகவில்லை. மீனைப் பையில் போட்டுக் காற்று அடைத்துக் கட்டுகிற வேலை. பை தண்ணீரில் நோய் வராமல் இருக்க ஒரு சொட்டு நீல மருந்து விடுவது எல்லோருக்கும் வழக்கம். நான் முதல் பையில் ஒரு சொட்டு விடப் போனேன். கை தவறி மூன்று விழுந்தது. தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் காணாமல் போயிருந்தது! வேட்டிக்கு நீலம் போட்டால் பழுப்பு மறைகிறதே, அதுபோலத்தான். மீன் பளிச்சென்று, சலவைக்குப் போய் வந்தது போல நின்றது.

கை தவறியது முதல் பைக்கு மட்டும்தான். மற்றப் பைகளுக்கு நான் எண்ணித்தான் விட்டேன்.

பெண்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சரோஜா என் கையைப் பிடித்தே கும்பிட்டாள். அப்போது பாக்கியம் தன் டப்பு மீனை வாளியில் தூக்கிக்கொண்டு வந்தாள். பைகளைப் பார்த்தாள்.

"என் மீனுக்கு நீலம் வேணாம். வெறும் தண்ணியில கட்டுங்க."

"எல்லாப் பையும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நல்லது பாக்கியம்" என்றேன்.

"யாருக்கு நல்லது?"

மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ ஒருத்தி மட்டும் வெறும் தண்ணீரில் கட்டினால் எங்கள் பை காட்டிக் கொடுத்துவிடும், எங்களுக்காக ஒரு சொட்டு விடு என்று கெஞ்சினார்கள். ஒருத்தி திட்டினாள். பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுக்காக விடுறேன். ஆனா அன்னைக்கு இத்தன பேருக்கு முன்னால என் மீனச் சோகைன்னு சொன்னீங்கல்ல? இன்னைக்கு இத்தன பேருக்கு முன்னாலயும் சொல்லுங்க, தப்பு யாருதுன்னு. சொல்லிட்டு நீங்களே என் பையில ஊத்துங்க."

நான் அந்த நீல மருந்துப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம். வாய் திறக்கவில்லை. அதற்குள் லொறி வந்துவிட்டது.

ஹாஜியார் இறங்கினார். ஒரு பையை வெளிச்சத்துக்குத் தூக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அட! பத்து நாளையில சொகமாகிட்டே! நான் செல்லல்லையா, இந்த மனுசன் என்னமாச்சும் செய்வாரெண்டு!" என்று என் தோளைத் தட்டினார். பையன்கள் பைகளை ஏற்றத் தொடங்கினார்கள்.

உங்களுக்கு ஒன்று ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு மனச்சாட்சி எதுவும் குத்தவில்லை. எனக்கு வந்தது கணக்கு. இந்தப் பை கொழும்பில் அவிழும். மீன் கண்ணாடித் தொட்டிக்குப் போகும். நீலம் பையோடு போய்விடும். மறுபடி மஞ்சள் தெரியும். இப்போதே தெரிந்தால் ஒரு தடவை மீன் கெட்டது என்று ஆகும். அப்போது தெரிந்தால் ஆள் கெட்டவன் என்று ஆகும். ஆள் கெட்டவன் என்றால் அவன் லயத்துக்கே இனி ஒரு லொறியும் ஏறி வராது. அந்த மூன்று பெண்களும் கத்தி இல்லாமல், மீன் இல்லாமல், என் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் வாக்கை எனக்குத் தெரியும். அதைச் சோற்றில் பிசைய முடியாது.

"ஹாஜியார், கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பைய எறக்குங்க" என்றேன்.

வெள்ளைப் பேசினைக் கேட்டு வாங்கினேன். பையை அவிழ்த்து மீனைச் சுத்தமான தண்ணீரில் விட்டேன். மஞ்சள் திரும்பி வந்து எல்லோரையும் பார்த்தது.

"நான்தான் தீனிய அளவுக்கு மீறிப் போட்டேன். இவங்க ஒருத்தரும் தப்பு செய்யல. ஒரம் இல்ல, தண்ணி இல்ல. பாக்கியம் சொன்னிச்சு, நான் கேக்கல. நீலத்தயும் நான்தான் ஊத்தினேன்."

ஹாஜியார் பேசினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "நான் துணி வித்தவன் அண்ணன். நீலம் போட்ட பழைய துணிய எனக்கே விக்கப் பாத்தீங்களே" என்றார். பாக்கியத்தின் இரண்டு டப்பு மீனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மற்றவற்றுக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒருத்தியின் கணவன் பொறுக்காமல் மீனைப் பாதி விலைக்கு எட்டியாந்தோட்டைக் கடையில் தள்ளிவிட்டான். அவள் கத்தியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருத்தி. அவளுக்கு மரவரிசை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். புது வருஷத்துக்கு வந்தால் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போவாள், உள்ளே வர மாட்டாள். கூப்பிட எனக்கும் வாய் வருவதில்லை. இதை நான் எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நீலமும் எனக்கு வேண்டாம்.

மற்ற நாலு வீட்டிலும் நிறத்தை நிறுத்தி, வெறும் தீனி போட்டு, ஓடுகிற தண்ணீர் விட்டோம். ஞாயிறுதோறும் பாக்கியம் வெள்ளைப் பேசினோடு வீடு வீடாகப் போனாள். நான் பின்னால் போனேன். ஏழு ஞாயிறு, ஏழு கிழமை ஆனது. முதலில் வெள்ளை தெளிந்தது, சிவப்பு அப்படியே நின்றது. மீனுக்கு அந்த அறிவு இருந்தது. கூடினதை விடும், வேண்டியதை வைத்துக்கொள்ளும். இதைத்தான் அந்த இன்ஸ்பெக்டர் தாளில் எழுதியிருந்தார்கள் என்று பிறகு வாசித்துச் சொன்னார்கள். மிளகாய்க் கறைக்கு நடுவில் அந்த வரி தெளிவாகத்தான் இருந்தது.

ஏழாம் கிழமை முடிவில் என் போன் அடித்தது. ஹாஜியார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்: "ஹாஜியார், மீனு இப்ப பாத்தீங்கன்னா கண்ணு கூசும், இந்த மாதிரி வெள்ளய..."

"அண்ணன், அண்ணன்" என்றார். "நீங்க நல்லா ஈக்கெண்டுதான் செல்லுவீங்க. அது எனக்குத் தெரியும். போன பாக்கியம் அக்காட்ட குடுங்க."

போனை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். பாக்கியம் கையெல்லாம் மாவாக இடியப்ப உரலில் தீனி பிழிந்துகொண்டிருந்தாள். ஹாஜியார் கேட்கிறார் என்றேன். அவள் போனை வாங்கவில்லை. "கையி மாவா இருக்கு. நில்லுங்க, பாத்துட்டு வர்றேன்" என்று பேசினைத் தூக்கிக்கொண்டு நாலு வீட்டுக்கும் போனாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அந்தப் பக்கம் ஹாஜியாரும் காத்திருந்தார். அவசரம் இருந்தும் அவர் வைக்கவில்லை.

அவள் திரும்பி வந்தாள். "மூணு வீடு சரி. சரோஜா வீட்டுது இன்னும் ஒரு கெழம ஆகும். அப்பிடியே சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன்: "மூணு வீடு சரி. சரோஜா வீட்டுது இன்னும் ஒரு கெழம ஆகும்."

"சரி, வெள்ளிக்கெழம லொறி வரும்" என்று ஹாஜியார் வைத்துவிட்டார்.

முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் பேசியிருக்கிறேன். கூட ஒரு வார்த்தை சேர்க்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். லொறியும் வந்தது.